அம்மாவும் பெண்ணும் மைசூர் போனால்...

“சனி, ஞாயிறு இரண்டு நாள், நீயும் நானும் மட்டும் எங்கேயாவது போய்விட்டு வரலாமா, அம்மா?” என்று கேட்டாள் என் பெண்.

“அப்பாவுக்குச் சாப்பாடு?” என்றேன் நான்.

இந்தக் கேள்வியைக் கேட்காத அம்மா சென்னையில் ஒருத்தி இருந்தால் அவளுக்கு என் நமஸ்காரம். கல்யாணமான முப்பது வருஷத்தில் நான் வெளியூர் போகாமல் இல்லை. திருப்பதி, குருவாயூர், நாத்தனார் வீட்டு விசேஷம் என்று எத்தனையோ. ஆனால் போன இடத்திலெல்லாம் புளியோதரைத் தூக்கும் மற்றவர்களுடைய மாத்திரை டப்பாவும் என் பொறுப்பு. அவர்கள் ஊரைப் பார்த்தார்கள். நான் மூட்டைகளை எண்ணினேன்.

பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் புனாவில் உத்தியோகம். அவள் ஆபீஸிலிருந்து வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். “சாப்பிட்டாயா?” “ஆச்சு.” கொஞ்ச நாளாக எங்கள் சம்பாஷணை இவ்வளவுதான். அதனால் சரி என்றேன். “எனக்கு ரசம் வைக்கத் தெரியும்” என்று அவள் அப்பாவும் தைரியம் சொன்னார். அந்த ரசத்தின் கதை வேறு. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

எந்த ஊர் என்பதில் அதிகத் தகராறு இல்லை. ஊட்டியில் கூட்டம். புதுச்சேரி பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அதுவே ஆபத்து. வீட்டில் குக்கர் கத்தினால்கூட டெலிபோன் வந்துவிடும். மைசூர் சுமார் 2,500 அடி உயரத்தில் இருப்பதால் சென்னைப் புழுக்கம் இல்லை. மலையும் மரங்களும் உண்டு. படம், பட்டு, மர வேலைப்பாடு என்று ராஜாக்கள் வளர்த்த கலைகள் இன்னும் அங்கே மூச்சு விடுகின்றன. பார்க்க வேண்டியவை பெரும்பாலும் ஆட்டோ தூரத்தில். 2014லிருந்து சர்க்கார் பெயர் மைசூரு. நம் நாக்குக்கு மைசூர்தான்.

வெள்ளிக்கிழமை இரவு காவேரி எக்ஸ்பிரஸில் ஏறினால் சனி காலையில் மைசூர். ஞாயிறு இரவு எட்டரை மணி அளவில் அதே வண்டி திரும்புகிறது. பகலில் போக விரும்புகிறவர்களுக்கு, 2022 நவம்பரில் ஆரம்பித்த வந்தே பாரத் இருக்கிறது. நேரங்கள் மாறக்கூடும், கிளம்புமுன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கீழ் பெர்த் முக்கியம். என் முழங்காலுக்கு அது ஒன்றுதான் முதல் வகுப்பு.

சண்டை வந்தது பட்டியலில். பெண் டெலிபோனிலேயே மணிவாரியாக எழுதி வைத்திருந்தாள்: இரண்டு நாளில் பதினான்கு இடங்கள்! “இதென்ன பரீட்சை டைம்டேபிளா?” என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டாள். அரை நாள் மௌனத்துக்குப் பிறகு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆளுக்கு இரண்டு இடம். ஒருத்தி சொன்ன இடத்தில் மற்றவள் முணுமுணுக்கக் கூடாது. மத்தியானம் இரண்டு மணி நேரம் கட்டாயம் படுக்கை. பட்டுக் கடை மட்டும் கணக்கில் சேராது. அம்மாவும் பெண்ணுமாகக் கிளம்புகிற யாருக்கும் இந்த உடன்படிக்கையைச் சிபாரிசு செய்வேன்.

என் முதல் இடம் சாமுண்டி மலை. அடிவாரத்திலிருந்து ஆயிரம் படி ஏறுவது வாலிபர்களுக்கு. நாங்கள் மேலே வரை பஸ்ஸில் போய், அம்மனைத் தரிசித்துவிட்டு, படி வழியாக நந்தி வரைக்கும் இறங்கினோம். ஒரே கல்லில் செதுக்கிய நந்தி. பதினேழாம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் காலத்தது. கழுத்து மணிச்சரத்தை மட்டும் பத்து நிமிஷம் பார்க்கலாம். அங்கே சாலையும் வருகிறது, ஆகையால் முழங்கால் மறுத்தால் வண்டியில் ஏறிவிடலாம்.

மத்தியானத் தூக்கத்துக்குப் பிறகு பட்டு. சர்க்கார் பட்டு ஆலை 1912ல் நாலாவது கிருஷ்ணராஜ உடையார் ஆரம்பித்தது. சனிக்கிழமையே போய்விடுங்கள், ஞாயிற்றுக்கிழமையை நம்ப வேண்டாம். மைசூர் பட்டு நம் காஞ்சிபுரத்தைப் போல் கனத்து நிற்காது, உடம்போடு வழியும். ஒற்றை நிறம், மெல்லிய ஜரிகைக் கரை. “வயதானவர்கள் கட்டுவது” என்று சொல்லிக்கொண்டு வந்த பெண், கண்ணாடி முன் ஒன்றைத் தோளில் போட்டுப் பார்த்தாள். பிறகு பேச்சே இல்லை. கல்யாணப் பட்ஜெட்டில் ஒரு புடவை கூடிற்று. ஈட்டி மரத்தில் வேறு நிற மரங்களைப் பதித்துச் செய்யும் படங்களையும் பார்த்தோம். அவற்றின் விலையையும் பார்த்தோம்.

ஞாயிறு காலை அவள் இடம்: யாதவகிரியில் எழுத்தாளர் ஆர். கே. நாராயணின் வீடு. சென்னையில் பிறந்து, மைசூரில் வாழ்ந்து, மால்குடி என்று இல்லாத ஊரை உலகத்துக்கே சொந்தமாக்கியவர். 2016லிருந்து அந்த வீடு நினைவு இல்லம். அவருடைய உடைகள், புத்தகங்கள், புகைப்படங்கள் வைத்திருக்கிறார்கள். பெண் மாடியில் ஜன்னல் பக்கமே நின்றாள். நான், வழக்கம்போல், சமையலறை எங்கே என்று தேடினேன். 1939ல் மனைவி ராஜம் காலமான பின், சின்னஞ்சிறு பெண்ணைத் தாயில்லாமல் வளர்த்தவர் அவர். அந்த விஷயம் தெரிந்து பார்த்தால் வீடு வேறு மாதிரித் தெரிகிறது.

பிறகு என் இரண்டாவது இடம், ஜகன்மோகன் அரண்மனைச் சித்திரசாலை. 1861ல் கட்டிய அரண்மனை. பழைய கட்டடம், பழுது பார்க்கும் வேலை நடப்பதுண்டு. ஆகவே திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போவது நல்லது. ரவிவர்மாவின் ‘சங்கீதக்காரிகள்’ படம் இங்கேதான் இருக்கிறது. பல பிரதேசத்துப் பெண்கள் பதினொரு பேர். கட்டும் நகையும் ஒவ்வொருத்திக்கும் வேறு. புடவைப் பிரியைகள் இதன் முன் நாற்காலி போட்டு உட்காரலாம். மைசூர்ப் பாணிச் சாமி படங்களையும் நிதானமாகப் பாருங்கள். தஞ்சாவூர்ப் படத்தைப் போல் கல் பதித்துப் புடைத்து நிற்பதில்லை. தங்க ரேக்கின் அடியில் மெல்லிய மேடு, நுணுக்கமான கோடு.

நான் வந்ததென்னவோ ஒரே ஒரு படத்துக்காக. கையில் விளக்கோடு ஒரு பெண். சுடரை மறைத்த விரல்களின் ஊடே வெளிச்சம் சிவப்பாகக் கசியும். பிறந்த வீட்டுக் கூடத்தில் காலண்டராகத் தொங்கியது.

“ரவிவர்மா எப்படிப் போட்டிருக்கிறார், பார்!” என்றேன்.

பெண் டெலிபோனைத் தட்டிப் பார்த்தாள். “இது ரவிவர்மா இல்லை, அம்மா. ஹல்தங்கர். 1945-46ல் போட்டது. அவர் பெண் கீதாவைத்தான் நிற்க வைத்து வரைந்திருக்கிறார். அந்த அம்மாள் 102 வயது வரை இருந்து 2018ல்தான் காலமானாராம்.”

இத்தனை வருஷமாக நான் யாரோ தேவதை என்று நினைத்தவள், ஒரு தகப்பனாரின் பெண்! அதுவும் எண்ணெய் வர்ணம் இல்லையாம், நீர் வர்ணம். நீர் வர்ணத்தில் விரல் சிவப்பைக் கொண்டுவருவது எத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வாய் தவறி அதைச் சொல்லியும் விட்டேன்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“இதே படத்தை நாலு தடவை போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் டிராயிங்கில் பரிசுகூட வாங்கினேன்.”

“அம்மா! நீ படம் போடுவாயா?”

இருபத்தேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள் கேட்கிறாள். தப்பு அவள் மேல் இல்லை. நான் சொன்னதே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு பிரஷ்ஷை எடுக்கவில்லை. மார்கழிக் கோலத்தோடு சரி. அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்திலேயே நின்றாள். டைம்டேபிளில் இருபது நிமிஷம் போட்டிருந்த இடத்தில் ஒன்றேகால் மணி ஆயிற்று. முணுமுணுப்பு இல்லை, உடன்படிக்கை!

அதனால் தேவராஜ மார்க்கெட்டில் ஓட்டம்தான். மல்லிகை இரண்டு முழம், நஞ்சன்கூடு ரஸபாளை வாழைப்பழம், கோபுரம் கோபுரமாகக் குவித்த குங்குமத்தில் ஒரு பொட்டலம், அப்பாவுக்கு மைசூர்பாகு.

கடைசியாக அவளுடைய இரண்டாவது இடம், பெரிய அரண்மனையின் விளக்கு அலங்காரம். பழைய மர அரண்மனை 1897ல் ஒரு ராஜகுமாரியின் கல்யாணத்தின்போது தீப்பற்றி எரிந்து போயிற்று. (ஆவணிக்குள் சமையல்காரரிடம் அடுப்பைப் பற்றிச் சொல்லி வைக்க வேண்டும்.) இப்போதிருப்பது 1912ல் முடிந்தது. வரைந்தவர் ஹென்றி இர்வின். நம் எழும்பூர் மியூசியத்துச் சிவப்புச் சித்திரக்கூடமும் அவர் கைவேலைதான். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள். ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் பெட்டியை முன்னாலேயே ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுவது உத்தமம். நாங்கள் ஒப்படைக்கவில்லை. ஆகவே பெட்டியும் புடவைப் பையுமாக நின்றோம். ஏழு மணிக்கு அரண்மனை முழுதும் ஒரே நொடியில் பொன்னாக மாறியபோது, கூட்டம் மொத்தமும் ‘ஆ’ என்றது. பெண் என் கையைப் பிடித்தாள். பிடித்த கையோடு பத்தாவது நிமிஷம் ஆட்டோவுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

வண்டியில் கீழ் பெர்த்தில் படுத்துக்கொண்டே கேட்டேன்: “சோமநாதபுரம் விட்டுப் போச்சே?” 1258ஆம் வருஷத்து ஹொய்சளக் கோயில், மைசூரிலிருந்து ஒரு மணி நேரம்தான். 2023ல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆகிவிட்டது.

மேல் பெர்த்திலிருந்து பதில் வந்தது. “அதற்கு அடுத்த வருஷம். புனாவிலிருந்து நான் வருகிறேன், சென்னையிலிருந்து நீ வா. அங்கேயே சந்திக்கலாம்.” கொஞ்சம் பொறுத்து, “வர்ணப் பெட்டி எடுத்துக்கொண்டு வா” என்றாள்.

“அப்பாவுக்குச் சாப்பாடு?” என்று ஆரம்பித்தேன். அதற்குள் விளக்கை அணைத்துவிட்டாள்.