குதிரைகள் விட்டுச் சென்ற பாதை

சைக்கிளில் கல்லூரிக்கு வரும் நண்பர்களுக்கு, பின்னால் லாரியின் ஹாரன் ஒலித்ததும் மண்ணில் இறங்கி ஒதுங்குவது பழகிப்போன ஒன்று. அந்த அச்சமின்றி நாள் கணக்கில் சைக்கிளில் பயணம் செய்ய இயலுமா? இயலும் என்கிறது ஐரோப்பாவின் டான்யூப் நதிக்கரை.

ஜெர்மனியின் பஸ்ஸௌ நகரிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை 300 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது அக்கரைப் பாதை. அதன் பெரும்பகுதியில் மோட்டார் வாகனங்கள் இல்லை.

இப்பாதை சைக்கிளுக்காகப் பிறந்ததன்று. முற்காலத்தில் தானியமும் திராட்சை மதுவும் ஏற்றிய படகுகளை, நீரோட்டத்தை எதிர்த்துக் குதிரைகளே கயிறு கட்டி இழுத்தன. அவை நடக்கக் கரையோரம் வழி வேண்டியிருந்தது. 1830இல் வியன்னாவிலிருந்து நீராவிக் கப்பல் புறப்பட்டது. நாளடைவில் குதிரைகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. வழி மட்டும் எஞ்சியது. 1980களில் அது சைக்கிள் பாதையாக மறுவாழ்வு பெற்றது.

ஆற்றோடு செல்வதால் மேடு மிகக் குறைவு. பஸ்ஸௌ கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்திலும், வியன்னா சுமார் 160 மீட்டரிலும் உள்ளன. ஷ்லோகன் என்னுமிடத்தில் ஆறு வளைந்து திரும்புகிறது. அங்கே இடக்கரையில் மலை நீரைத் தொட்டு நிற்பதால் பாதை இல்லை. படகு ஒன்று ஆளையும் சைக்கிளையும் ஏற்றிச் சென்று அப்பால் இறக்கிவிடுகிறது.

சிறுவர்களும் முதியவர்களும் அஞ்சாமல் செல்லும் பாதை அது. புதுச்சாலைக்குத் திட்டமிடுவோர், பழைய வழி ஏதேனும் கேட்பாரற்றுக் கிடக்கிறதா என்று முதலில் பார்ப்பது நலம்.