ஒரே பூ, இரண்டு வேலை

பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் கொடியின் பெண் பூ. அதைப் பிரித்துப் பார்த்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி. விரலில் தேய்த்தால் பிசுபிசுவென்று ஒட்டும். சாரமெல்லாம் அதில்தான்.

சில ரகங்கள் கசப்புக்கு, சில மணத்துக்கு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1990-இல் வெளியான சென்டென்னியல் இரண்டுக்கும் கைகொடுக்கும். முளைகட்டிய பார்லிச் சாற்றில் ஒரு மணி நேரம் கொதித்தால் அதன் ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பேறும். வாசனை எண்ணெயோ ஆவியோடு போய்விடும். அதனால் அடுப்பை அணைக்கும் நேரத்தில் இன்னொரு பிடி போடுவார்கள். ரசத்தில் கொத்தமல்லித் தழையைக் கடைசியில் தூவுகிற அதே பக்குவம். எலுமிச்சை வாசமும் பூ வாசமும் அப்போதுதான் தங்கும். மிச்சிகனின் புகழ்பெற்ற ‘டூ ஹார்ட்டட்’ பீரில் வேறு ஹாப்ஸே கிடையாது. கசப்பு, மணம் இரண்டும் சென்டென்னியல் கொடுத்தவை.