‘இதம்’ என்னும் தீர்ப்பு: அனுத்தமாவின் ‘கேட்டவரம்’ நாவலும் வாசகர் கருத்தும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் பெண்கள் எழுதிய குடும்ப நாவல்களைப் பற்றி வாசகர்கள் அடிக்கடி கூறுவது, ‘மனத்துக்கு இதமாக இருந்தது’ என்பதாகும். இக்கூற்றைத் திறனாய்வு பெரும்பாலும் ஒரு மதிப்பீடாகக் கொள்வதில்லை. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த கேட்டவரம்பாளையத்தைக் களமாகக் கொண்ட அனுத்தமாவின் ‘கேட்டவரம்’ நாவலை முன்வைத்து, இக்கூற்றுக்குள் அடங்கியுள்ள அளவுகோல்களை இக்கட்டுரை விளக்குகிறது. வாசகர் கருத்தை அறிய உதவும் சான்றுகளும் அவற்றின் வரம்புகளும் ஆராயப்படுகின்றன. இத்தகைய நாவல்களின் முதன்மை வாசகர்களான பெண்களின் கருத்தே குறைவாகப் பதிவாகியுள்ளது என்பதும், எஞ்சிய தடயங்களும் மறைந்துவருகின்றன என்பதும் இதன்வழிப் புலனாகின்றன.

திறவுச்சொற்கள்: அனுத்தமா, கேட்டவரம், பெண் எழுத்து, குடும்ப நாவல், வாசகர் ஏற்பு, மெய்ப்பாடு, திருவண்ணாமலை.

1. முன்னுரை

தமிழ் நாவல் வரலாறு பெரும்பாலும் ஆசிரியர்களையும் படைப்புகளையும் வரிசைப்படுத்தும் முறையில் எழுதப்பட்டுள்ளது. படித்தவர் யார், எவ்வாறு படித்தனர், படித்தபின் என்ன கருதினர் என்னும் வினாக்கள் பின்னரே எழுந்தன. கா. சிவத்தம்பியின் ‘நாவலும் வாழ்க்கையும்’ நாவலைச் சமூகப் பின்புலத்தில் வைத்து நோக்கியது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ உரக்கப் படிக்கும் வழக்கத்திலிருந்து மௌன வாசிப்புக்கு நேர்ந்த மாற்றத்தை நாவலின் வரவோடு இணைத்து விளக்கியது. இவ்வழியில், பெண்கள் எழுதிப் பெண்கள் பெரிதும் படித்த குடும்ப நாவல்களின் வாசகர் கருத்தைத் தனித்து ஆராய இடமுள்ளது.

இவ்வகை நாவல்களுக்கு நீண்ட மரபுண்டு. வை. மு. கோதைநாயகி (1901–1960) 115 நாவல்களை எழுதினார். 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தினார். அவருக்குப்பின் லக்ஷ்மி, அனுத்தமா முதலியோர் இதழ்கள்வழி இல்லந்தோறும் அறிமுகமாயினர். லக்ஷ்மி பெற்ற வரவேற்பைக் காட்டும் புறச்சான்றுகள் தெளிவாக உள்ளன. ‘காஞ்சனையின் கனவு’ 1952இல் ‘காஞ்சனா’ என்னும் திரைப்படமாயிற்று. ‘பெண் மனம்’ 1963இல் ‘இருவர் உள்ளம்’ என்னும் திரைப்படமாயிற்று. ‘ஒரு காவிரியைப் போல’ 1984ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. எனினும் திரைப்படமும் விருதும் ஒரு நாவல் விரும்பப்பட்டதையே உணர்த்தும். அது ஏன் விரும்பப்பட்டது என்பதை அறிய வாசகர் சொற்களையே நாட வேண்டும்.

2. நாவலும் களமும்

அனுத்தமா என்பது ராஜேஸ்வரி பத்மநாபனின் (1922–2010) புனைபெயர். இப்பெயரை அவருக்குச் சூட்டியவர் அவருடைய மாமனார். எழுதும் மருமகளுக்கு மாமனாரே முதல் ஊக்குநராக அமைந்த இச்செய்தி, அக்காலப் பெண் எழுத்து குடும்பத்தின் இசைவுக்குள் நிகழ்ந்ததைக் காட்டுகிறது. ‘மணல்வீடு’ என்னும் நாவலுக்குக் ‘கலைமகள்’ இதழின் பரிசு கிடைத்தது. இருபதுக்கும் மேற்பட்ட நாவல்களையும் முந்நூறு அளவிலான சிறுகதைகளையும் அவர் எழுதினார். கூட்டுக் குடும்பம், மாமியார் – மருமகள் உறவு, நடுத்தர வர்க்க இல்லங்களின் அன்றாடச் சிக்கல் ஆகியன அவருடைய புனைவுலகின் பெரும்பகுதி.

‘கேட்டவரம்’ இப்புனைவுலகை ஓர் உண்மையான ஊரில் நிறுத்துகிறது. கேட்டவரம்பாளையம் இராம பஜனை விழாவுக்குப் பெயர்பெற்ற சிற்றூர். முன்பு வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1989இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலை மாவட்டத்தின் பகுதியாயிற்று. பஜனை மரபும் அதனைச் சூழ்ந்த குடும்பங்களின் வாழ்வும் நாவலின் பொருளாகின்றன.

திருவண்ணாமலை எனில் அருணாசலேசுவரர் கோயில், கார்த்திகைத் தீபம், கிரிவலம், இரமணாசிரமம் ஆகியனவே பொதுவாக நினைவுக்கு வரும். இப்பகுதியைப் பற்றிய எழுத்திலும் தலமும் துறவும் முதன்மை பெற்றுள்ளன. அனுத்தமாவின் நாவல் அதே மாவட்டத்தின் ஒரு சிற்றூரில், பக்தியை இல்லறத்துக்குள் வைத்துக் காட்டுகிறது. ஓர் ஊர் ஒன்றுகூடிப் பாடும் விழாவில் சமையலறைக்கும் கூடத்துக்கும் பங்குண்டு. இவ்விடமாற்றம் வாசகர் கருத்தைப் புரிந்துகொள்ள முதன்மையானது.

3. தலைப்பும் எதிர்பார்ப்பும்

ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் 1967இல் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், வாசகர் ஒரு நூலை வெற்று மனத்தோடு அணுகுவதில்லை என்றும் முன்னர்ப் படித்தவற்றால் அமைந்த எதிர்பார்ப்போடு அணுகுகிறார் என்றும் விளக்கினார். ஏற்புக் கோட்பாட்டின் அடிப்படை இதுவே. இந்நாவலின் தலைப்பிலேயே இதனைக் காணலாம்.

ஊரை அறிந்தவருக்கு ‘கேட்டவரம்’ என்பது ஊர்ப்பெயரின் முன்பாதி. அவர் தாம் அறிந்த தெருவும் விழாவும் நாவலில் சரியாக வந்துள்ளனவா என்று பார்ப்பார். ஊரை அறியாதவருக்கு அச்சொற்கள் ‘வேண்டிப் பெற்ற வரம்’ என்னும் பொருளைத் தரும். அவர் கதையின் முடிவில் ஒரு வேண்டுதல் நிறைவேறும் என்று எதிர்பார்ப்பார். முன்னவர் நாவலின் மெய்ம்மையை அளக்கிறார். பின்னவர் நிறைவை அளக்கிறார். ஒரே நூலை இருவரும் ‘நன்றாக இருந்தது’ என்று கூறினாலும், அவர்கள் வழங்கிய தீர்ப்புகள் வேறு. வாசகர் கருத்தைத் தொகுப்போர் கருத்தின் சொல்லை மட்டும் எண்ணினால் இவ்வேறுபாடு மறைந்துவிடும். கருத்துரைத்தவர் எங்கிருந்து படித்தார் என்பதும் சான்றின் பகுதியாக வேண்டும்.

4. ‘இதம்’ என்பதன் அளவுகோல்கள்

வாசகர் உணர்வைக் கோட்பாடாக நோக்கும் முறை தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அதற்கு உரைகண்ட பேராசிரியர், சுவைக்கப்படும் பொருள், அதனை நுகரும் பொறியுணர்வு, உள்ளத்தில் நிகழும் குறிப்பு, உடலில் புலப்படும் விறல் என நான்கு நிலைகளைப் பிரித்து விளக்குகிறார். இப்பகுப்பின் துணைகொண்டு நோக்கினால், ‘இதமாக இருந்தது’ என்னும் வாசகர் கூற்று மூன்றாம் நிலையையும், ‘படிக்கும்போது கண்ணீர் வந்துவிட்டது’ என்னும் கூற்று நான்காம் நிலையையும் சுட்டுகின்றன. முதல் நிலையாகிய சுவைப்பொருளை வாசகர் பெரும்பாலும் பெயரிட்டுச் சொல்வதில்லை. அதனை வெளிக்கொணர்வது ஆய்வாளர் பணி.

எட்டனுள் அழுகையும் உவகையும் இவ்வகை நாவல்களில் இணைந்தே இயங்குகின்றன. துன்பத்தின் வழியே உவகைக்குச் செல்லும் கதைப்போக்கையே வாசகர் இதம் என்கின்றனர். துன்பமே இல்லாத கதையை எவரும் இதமானது என்பதில்லை. அது சுவையற்றதாகவே கருதப்படும். ஆகவே இதம் என்பது கடந்துவந்த இடரின் அளவைப் பொறுத்தது. இதனுள் மூன்று அளவுகோல்களைப் பிரித்தறியலாம்.

முதலாவது, அடையாளங்காணல். ‘நம் வீட்டில் நடப்பதுபோல இருந்தது’ என்னும் கூற்றில் இது வெளிப்படும். பேச்சுமொழி, உறவுமுறைச் சொற்கள், விருந்தோம்பலின் நுணுக்கம் ஆகியவற்றில் ஒரு பிழை நேர்ந்தாலும் வாசகர் விலகிவிடுவார். எனவே இது நுட்பமான மெய்ம்மைச் சோதனை.

இரண்டாவது, பகிரத்தக்கதாதல். ‘வீட்டில் எல்லோரும் படிக்கலாம்’ என்பது குடும்ப நாவலுக்கு வாசகர் தரும் உயர்ந்த சான்றிதழ்களுள் ஒன்று. ஒரே இதழ்ப்பிரதியை மாமியாரும் மருமகளும் மகளும் முறைவைத்துப் படித்த இல்லங்களில், ஒருவர் படித்ததை மற்றவர் அறிவார். அச்சூழலில் ஒரு நாவல் வீட்டாரிடையே பேச்சுக்கு இடந்தர வேண்டும். பகைக்கு இடந்தரக் கூடாது.

மூன்றாவது, தகுதியான முடிவு. முடிவு இன்பமாக இருந்தால் மட்டும் போதாது. கதைமாந்தர் பட்ட பாட்டுக்கு அது ஈடாக இருக்க வேண்டும். ‘கடைசியில் அவசரமாக முடித்துவிட்டார்’ என்னும் குறை தொடர்கதை வாசகரிடையே வழக்கமானது. இன்ப முடிவை விரும்பும் வாசகரும் அதனை எளிதில் ஏற்பதில்லை என்பதை இக்குறை காட்டுகிறது.

5. திறனாய்வின் இரு மறுப்புகள்

இவ்வகை நாவல்கள் இரு திசைகளிலிருந்து மறுக்கப்பட்டன. முதலாவது கலை சார்ந்த மறுப்பு. இதழ்த் தொடர்கதை வாசகர் விருப்பத்துக்கு ஏற்ப வளைகிறது என்பதும், இலக்கியத்துக்கு வேறு அளவுகோல் தேவை என்பதும் க. நா. சுப்ரமண்யம் தொடர்ந்து வலியுறுத்திய நிலைப்பாடு. பிற்காலத்தில் ஜெயமோகன் தமிழ் நாவல்களைப் பட்டியலிட்டபோதும் இலக்கிய நாவல்களும் பொதுவாசிப்புக்குரிய புனைவுகளும் தனித்தனியே வைக்கப்பட்டன. இரண்டாவது பெண்ணிய மறுப்பு. அம்பை என்னும் சி. எஸ். லக்ஷ்மி, தமிழ் இலக்கியத்தில் பெண்கள் பற்றி 1984இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வுநூலில், பெண் எழுத்தாளர்கள் பலர் குடும்பம் வகுத்த இலட்சியப் பெண்ணுருவைக் கடக்கவில்லை என்பதை எடுத்துக்காட்டினார்.

இரு மறுப்புகளும் வலுவானவை. பொறுத்துப்போகும் பெண்ணுக்குக் கதையின் முடிவில் பரிசு கிடைப்பது, பொறுமையைக் கட்டாயமாக்கும் என்னும் வாதத்தைப் புறந்தள்ள இயலாது. ஆயினும் பனுவலின் கருத்தியலும் வாசிப்பின் பயனும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட நூலில், காதல் நாவல்களைத் தொடர்ந்து படிக்கும் பெண்களை நேரில் கண்டு வினவினார். அப்பெண்கள் தமக்கு எது நல்ல நாவல், எது தீய நாவல் எனக் கறாராகப் பிரித்தனர். குடும்பக் கடமைகளுக்கு நடுவே தமக்கென ஒதுக்கிக்கொண்ட நேரமாகவும் வாசிப்பைக் கருதினர்.

இம்முடிவைத் தமிழ்ச் சூழலுக்கு அப்படியே பொருத்த இயலாது. ராட்வே கண்ட வாசகியருக்கு வாசிப்பு குடும்பத்திலிருந்து சற்று விலகியிருக்கும் வழி. இதழைப் பகிர்ந்து படித்த தமிழ் இல்லத்திலோ வாசிப்பு தனிமையையும் உரையாடலையும் ஒருங்கே தந்தது. நேரில் சொல்ல இயலாத மனத்தாங்கலைக் கதைமாந்தர் மேல் ஏற்றிப் பேசும் வாய்ப்பு மருமகளுக்கு அங்குக் கிடைத்தது. ‘அந்த மாமியார் செய்தது சரியில்லை’ என்னும் கருத்து நாவலைப் பற்றியது மட்டுமன்று என்பதைக் கேட்பவரும் அறிவார்.

6. சான்றுகளும் வரம்புகளும்

‘கேட்டவரம்’ பற்றிய பாராட்டுகளுள் பெரிதும் நினைவுகூரப்படுவது காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளின் பாராட்டு. அவர் ஆசிரியரை ‘கேட்டவரம் அனுத்தமா’ என்றே குறிப்பிட்டார் என்னும் செய்தி அனுத்தமா பற்றிய வாழ்க்கைக் குறிப்புகளில் இடம்பெறுகிறது. இப்பாராட்டு, மாமனார் சூட்டிய பெயர், இதழ் வழங்கிய பரிசு ஆகிய மூன்றும் அனுத்தமாவின் எழுத்துக்குக் கிடைத்த ஏற்பின் சான்றுகளே. எனினும் இவை மடம், குடும்பம், இதழ் ஆகிய அதிகார நிலைகளிலிருந்து வந்தவை. நாவலைக் கையிலெடுத்த பெண்கள் பெயரோடு பேசும் சான்று இவற்றுள் இல்லை.

அவர்கள் கருத்தைத் தேட மூவகைத் தடயங்கள் உதவும். ஒன்று, இதழ்களில் வெளியான வாசகர் கடிதங்கள். இவை ஆசிரியர் குழுவால் தேர்ந்து சுருக்கப்பட்டவை. எழுதத் தெரிந்தவரும் அஞ்சலில் சேர்க்க முடிந்தவருமே இவற்றில் இடம்பெற்றனர். இரண்டு, இதழ்களிலிருந்து கிழித்தெடுத்துக் கட்டடம் செய்த தொடர்கதைத் தொகுதிகள். ஒரு கதையை வாரந்தோறும் சேர்த்துவைத்துக் கட்டுவித்தலே ஒரு மதிப்பீடு. அட்டையில் எழுதிய பெயரும் கைமாறிய குறிப்பும் வாசக வட்டத்தைக் காட்டும். மூன்று, பொதுநூலகப் பிரதிகள். 1948ஆம் ஆண்டு சென்னைப் பொதுநூலகச் சட்டத்தின்வழி வளர்ந்த நூலக அமைப்பு, இந்நாவல்களைச் சிற்றூர்கள்வரை கொண்டுசென்றது. பிரதியின் இறுதியில் ஒட்டிய தேதிச் சீட்டு, அந்நூல் எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் எடுக்கப்பட்டது என்பதைக் கூறும். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிய ‘அருமையான கதை’, அதன்கீழ் வேறொரு கையெழுத்தில் ‘முடிவு சரியில்லை’ போன்ற குறிப்புகளைப் பழைய நூலகப் பிரதிகளைப் புரட்டியவர் அறிவர். நூலகர் கண்ணில் அவை நூலைக் கெடுத்த கிறுக்கல்கள். ஆய்வாளருக்கோ தணிக்கையற்ற வாசகர் கருத்துகள்.

இத்தடயங்களிலும் எல்லோரும் இல்லை. அனுத்தமாவின் கதையுலகு பெரும்பாலும் பிராமண நடுத்தரக் குடும்பங்களின் உலகு. பஜனை மரபும் பல ஊர்களில் அக்கிரகாரச் சூழலோடு பிணைந்திருந்தது. அவ்வுலகுக்கு வெளியே இருந்த வாசகிக்கு ‘நம் வீட்டில் நடப்பதுபோல’ என்னும் முதல் அளவுகோல் எவ்வாறு செயற்பட்டிருக்கும்? அவர் இதனை அயல்வீட்டின் கதையாகப் படித்து மகிழ்ந்திருக்கலாம். தம்மை விலக்கிய உலகமாகக் கண்டு நூலை மூடியும் இருக்கலாம். இதம் என்னும் தீர்ப்பை ஆராயும்போது, அத்தீர்ப்பை வழங்க எவருக்கு இடமிருந்தது என்பதையும் உடன் வினவ வேண்டும்.

7. முடிவுரை

‘இதமாக இருந்தது’ என்னும் வாசகர் கூற்று அடையாளங்காணல், பகிரத்தக்கதாதல், தகுதியான முடிவு ஆகிய அளவுகோல்களைச் சுருக்கிக் கூறும் ஒரு தீர்ப்பு. கலைத் திறனாய்வும் பெண்ணியத் திறனாய்வும் எழுப்பிய வினாக்களுக்கு அது விடையாகாது. அவை எழுப்பாத ஒரு வினாவுக்கு, அதாவது இந்நாவல்கள் வாசகியர் வாழ்வில் என்ன செய்தன என்பதற்கு, அதுவே நேரடிச் சான்று.

இச்சான்று நிலைத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. சிதைந்த நூல்கள் இருப்பிலிருந்து கழிக்கப்படும்போது தேதிச் சீட்டும் பென்சில் குறிப்பும் உடன் போகின்றன. மறுபதிப்பு நாவலைக் காக்கும். அதைப் படித்தவர் கைத்தடத்தைக் காக்காது. கட்டடம் செய்த தொகுதிகள் வீடு மாறும்போது பழைய தாள் விலைக்குச் செல்கின்றன. அக்கால வாசகியர் முதுமையில் உள்ளனர். திருவண்ணாமலை மாவட்ட நூலகங்களில் எஞ்சியுள்ள பழைய குடும்ப நாவல் பிரதிகளின் இறுதிப் பக்கங்களை ஒளிப்படமாகப் பதிவுசெய்வதும், கேட்டவரம்பாளையத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பல சமூகங்களையும் சேர்ந்த மூத்த பெண்களின் வாசிப்பு நினைவுகளை வாய்மொழி வரலாறாகத் தொகுப்பதும் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணிகள். அவை நிறைவேறினால், இவ்வூரைப் பற்றிய நாவலின் வரலாற்றில் அதைப் படித்த பெண்களின் சொல்லும் இடம்பெறும்.