எழுத்தை அறியும் கணினியும் மாணவரை அறியும் ஆசிரியரும்

முன்னுரை

கல்வி தேடுதலைக் கடமையாக்கிய மார்க்கம் இஸ்லாம். முதன்முதல் அருளப்பெற்ற திருமறை வசனங்கள் ஓதுதலையும் எழுதுகோலையும் சிறப்பித்துப் பேசுவதை நாம் அறிவோம். அந்த எழுதுகோலின் இடத்தில் இன்று விசைப்பலகையும் தொடுதிரையும் வந்து அமர்ந்துள்ளன. உயர்கல்வி மின்மயமாவதால் மாணவர் பெறும் நன்மை யாது? அந்நன்மை அவரை முழுமையாகச் சென்றடைய நாம் செய்யவேண்டுவது யாது? இவ்விரு வினாக்களையும் வடசென்னையின் மாத்தூர்ப் பகுதி மாணவரை மனத்திற்கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

தொலைவைச் சுருக்கிய நூலகம்

மாத்தூர், மணலியை அடுத்த குடியிருப்புப் பகுதி. 2011-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றது. அருகே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் உள்ளன. சாலைகளிலோ துறைமுகத்தை நோக்கிச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். இங்கிருந்து புறப்படும் மாணவர்க்கு எழும்பூர்க் கன்னிமாரா நூலகம் சென்று மீள்வதே அரைநாட் பயணம். 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகம் நகரின் தென்பகுதியாகிய கோட்டூர்புரத்தில் உள்ளது. கல்லூரி நேரம் போகக் கடையிலும் கிடங்கிலும் பணிசெய்து குடும்பத்தைத் தாங்கும் மாணவர்க்கு நூலகத்திற்கென ஒதுக்கும் ஒரு நாள் என்பது ஒரு நாட்கூலி.

இத்தொலைவைச் சுருக்கிய பணி தமிழில் முன்னரே தொடங்கிவிட்டது. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் மதுரைத் திட்டம் தோன்றிற்று. உலகெங்கும் உள்ள தமிழன்பர்கள் ஊதியம் கருதாது பழைய நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. தமிழ் 99 என்னும் விசைப்பலகை அம்மாநாட்டின் வழியே நிலைபெற்றது. 2001-இல் தமிழக அரசு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. அதுவே இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம். அதன் கட்டடமும் கோட்டூர்புரத்தில்தான் உள்ளது. அதன் நூலகமோ மாத்தூர் மாணவரின் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றது. இம்மாற்றத்தின் முதற்பயன் இதுவே எனலாம்.

தேடலுக்குத் துணையாகும் இலக்கணம்

நூல் கைக்கு வந்தபின் அதனைப் பயன்கொள்ளும் திறம் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். உமறுப் புலவரின் சீறாப்புராணம் மூன்று காண்டங்களும் 5,027 விருத்தப்பாக்களும் கொண்ட பெருங்காப்பியம். அதில் கடல் பற்றிய குறிப்புகளைத் தொகுக்க ஒரு மாணவர் முனைகின்றார் எனக் கொள்வோம். ஏட்டைப் புரட்டித் தொகுக்கப் பல வாரங்கள் ஆகும். எழுத்து வடிவில் உள்ள மின்னூலில் சொல்லை இட்டுத் தேட ஒரு நொடி போதும்.

ஆயினும், ‘கடல்’ என்று புள்ளியிட்ட லகர மெய்யோடு மட்டும் தேடுவார்க்குப் பல இடங்கள் தப்பிவிடும். ‘கடலை’, ‘கடலின்’ என வேற்றுமை உருபு ஏறும்போது மெய்யின்மேல் உயிர் வந்து ஒன்றி, புள்ளி மறைந்துவிடுகின்றது. ‘கடற்கரை’ என்னும்போது லகரமே றகரமாகத் திரிந்துவிடுகின்றது. ஆழி, பரவை, முந்நீர் ஆகிய ஒருபொருட் சொற்களையோ தேடுபவரே நினைந்து இடவேண்டும். ஆகவே, நன்னூலின் புணரியலையும் நிகண்டையும் கற்ற மாணவரே கணினியை நன்கு ஆள்வார். ‘கணினி வந்தபின் இலக்கணம் எதற்கு?’ என்று வினவும் இளைஞர்க்கு இதனினும் சிறந்த விடை வேறில்லை.

எழுத்துப்பிழையும் உதவித்தொகையும்

கணினி எழுத்தை மட்டுமே அறியும் என்னும் இவ்வுண்மை வகுப்பறைக்கு வெளியே கடுமையான விளைவுகளைத் தருகின்றது. முன்னர் உதவித்தொகை விண்ணப்பத்திற்காக மாணவர் அலுவலகம்தோறும் அலைந்தனர். இன்று விண்ணப்பம் இணையவழியே செல்கின்றது. தொகை நேரே வங்கிக் கணக்கில் சேர்கின்றது. அரசுப்பள்ளியில் பயின்று உயர்கல்விக்கு வந்த மாணவியர்க்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்க 2022-இல் தொடங்கப்பெற்ற புதுமைப் பெண் திட்டமும், மாணவர்க்கென 2024-இல் தொடங்கப்பெற்ற தமிழ்ப் புதல்வன் திட்டமும் இம்முறையில் அமைந்தவையே. சான்றிதழ்களை மின்வடிவில் காக்க 2015-இல் டிஜிலாக்கர் ஏற்படுத்தப்பெற்றது. இவையெல்லாம் பெரும் வசதிகள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் நம் பிள்ளைகளின் பெயர்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். முஹம்மது, முகமது, முகம்மது என ஒரே திருப்பெயரைப் பலவாறு எழுதுகின்றோம். ஆங்கிலத்தில் எழுதுங்கால் ஓரிடத்தில் ‘யு’, ஓரிடத்தில் ‘ஓ’. ஓரிடத்தில் ஒற்றை ‘எம்’, ஓரிடத்தில் இரட்டை ‘எம்’. தலைப்பெழுத்து பள்ளிச் சான்றிதழில் முன்னும் ஆதாரில் பின்னும் நிற்கும். வங்கி ஏட்டில் தந்தை பெயரே விரிந்து நிற்கும். மனிதர்க்கு இவர் ஒருவரே. கணினிக்கோ இவர் மூவர். உரிய தொகை வராமல் நின்றுவிட, காரணம் இன்னதென்றும் அறியாது பருவத்தேர்வுக் கட்டணத்திற்குத் தவிக்கும் மாணவரை நம் துறைகளில் காண்கின்றோம். இத்தகைய தடைகளில் சோர்ந்து படிப்பையே கைவிடுவோர், குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி வாயிலை மிதித்தவர்களாக இருப்பின் அவ்விழப்பு ஒரு தலைமுறையின் இழப்பாகும்.

செய்யத்தக்கன

முதலாவதாக, சேர்க்கை நாளிலேயே ஒவ்வொரு மாணவரின் பெயரும் பள்ளிச் சான்றிதழ், ஆதார், வங்கி ஏடு ஆகிய மூன்றிலும் ஒத்துள்ளதா என ஆசிரியர் ஒருவர் அருகமர்ந்து பார்த்தல் வேண்டும். அரைமணி நேரப் பணி ஆண்டு முழுவதும் நேரும் அலைச்சலைத் தவிர்க்கும்.

இரண்டாவதாக, மின்னூல்களில் தேடும் பயிற்சி இலக்கணப் பாடத்தோடு இணைந்து நடைபெறல் வேண்டும். கிடைத்த செய்தியை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தையும் அப்பயிற்சியே வளர்க்கும்.

மூன்றாவதாக, இடவசதி. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் மாறிமாறி வைத்துப் பாடம் கேட்ட வீடுகள் பல. கருவி இருந்தும் அமைதியாக அமர ஓரிடம் இல்லாத வீடுகள் இன்றும் உள்ளன. பள்ளிவாசலை ஒட்டிய மண்டபத்திலோ மதரஸா அறையிலோ மாலை நேரத்தில் நான்கு மேசைகள், மின்விளக்கு, இணைய இணைப்பு ஆகியவற்றை ஜமாஅத்தார் ஏற்படுத்தித் தருவராயின் அது நிலையான தருமமாகும். மாணவியர்க்குத் தனியிடமும் பாதுகாப்பான நேரமும் வகுத்தல் இன்றியமையாதது. பிறப்புச் சான்றிதழ் பெறும்போதே பெயரை ஒரே முறையில் எழுதுவிக்கும் விழிப்பையும் பெரியோர்கள் இல்லந்தோறும் ஊட்டலாம்.

முடிவுரை

ஒரு கல்லூரி மின்மயமாயிற்று என்பதற்கு அங்குள்ள கணினிகளின் எண்ணிக்கை சான்றாகாது. அக்கருவிகளால் மாணவர்க்கு எத்தனை மணி நேரம் மிஞ்சிற்று, மிஞ்சிய நேரத்தில் அவர் எத்தனை நூல்களைக் கற்றார் என்பனவே உண்மையான அளவுகோல்கள். கணினி எழுத்தை அறியும். மாணவரின் பெயரையும் முகத்தையும் குடும்ப நிலையையும் ஆசிரியரே அறிவார். இவ்விரண்டு அறிவும் ஒன்றுசேருமாயின் மாத்தூரிலிருந்து பேருந்தேறி வரும் பிள்ளைக்கு உயர்கல்வி எட்டாக்கனியாக இராது. அதற்கான மனத்தையும் முயற்சியையும் எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!