விரல் எட்டாத பட்டன்

கேமரா ரிமோட்டை வடிவமைத்தவர்கள் குடும்பப் போட்டோவை மனத்தில் வைத்துத்தான் செய்திருக்க வேண்டும். முக்காலியில் கேமராவை நிறுத்திவிட்டு ஓடிப்போய், தாத்தா பாட்டிக்குப் பின்னால் நின்றபடி பட்டனை அமுக்குபவர் லென்ஸுக்கு எதிரே இருப்பார். அதற்கேற்ப, சிக்னலை வாங்கும் சிறு கண்ணைப் பல மாடல்களில் கேமராவின் முன்பக்கத்தில் பதித்துவிட்டார்கள். ஆனால் ரிமோட்டுக்கு அதிகம் தவிப்பவர் பெரும்பாலும் கேமராவுக்குப் பின்னால் கிடக்கிறார். ஈர மண்ணில் காளானைப் படமெடுக்கக் குப்புறப் படுத்திருப்பவரும், மரங்கொத்தி வந்து உட்காரும் கிளைக்கு எதிரே கேமராவைக் கட்டிவிட்டுப் புதருக்குள் பதுங்கியிருப்பவரும் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறார்கள். கேமரா அசைவதில்லை.

மலிவான ரிமோட்டுகளுக்குள் இருப்பது டிவி ரிமோட்டில் உள்ள அதே அகச்சிவப்பு எல்.இ.டி.தான். அது உமிழும் ஒளியின் அலைநீளம் 940 நானோமீட்டரை ஒட்டியது. நம் கண் 700 சொச்சத்திலேயே நின்றுவிடும். பட்டனை அமுக்கியதும் இந்த விளக்கு சும்மா எரிவதில்லை, நிக்கான் வகையில் நொடிக்குச் சுமார் 38,000 தடவை மினுக்குகிறது. வெயிலிலும் அகச்சிவப்பு ஏராளம், குண்டு பல்பிலும் உண்டு. அவை இந்த வேகத்தில் மினுக்குவதில்லை. மினுக்குவதை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்டால் கூச்சலுக்கு நடுவே தன் ஆளின் குரலைக் கேமரா கண்டுகொள்ளும்.

உச்சி வெயிலில் இந்த உபாயமும் கைகொடுக்காது. வெயில் நேராக விழும்போது உணர்கருவி திணறிப்போகிறது. தயாரிப்பாளர் சொல்லும் 5 மீட்டர் ஓரிரண்டு மீட்டராகச் சுருங்கிவிடும். கேமராவின் அந்தக் கண்ணுக்கு ஒரு துண்டு அட்டையால் நிழல் கொடுத்தாலே நிலைமை தேறும்.

பின்னால் இருப்பவருக்கு என்ன வழி? ஒளி நேராகத்தான் போகும், ஆனால் பட்டுத் திரும்பவும் செய்யும். வீட்டுக்குள் சுண்ணாம்புச் சுவரே போதும், ரிமோட்டைச் சுவரைப் பார்த்து நீட்டலாம். வெளியிலென்றால் ஒரு கையைக் கேமராவைச் சுற்றி நீட்டி, உள்ளங்கையைப் படச் சட்டத்துக்குள் வராமல் கண்ணுக்கு எதிரே பிடித்து, மறுகையால் ரிமோட்டை அதன்மேல் அடிக்கலாம். மனிதத் தோல் இந்த அலைநீளத்தை நன்றாகவே திருப்பி அனுப்பும். நிக்கான் டி7000 போன்ற சில மாடல்களில் பின்பக்கமும் ஒரு கண் வைத்தது நல்ல காரியம். ரிமோட் வேலை செய்கிறதா என்று சந்தேகமா? கைபேசியின் செல்ஃபி கேமராவுக்கு முன் அதை அமுக்கிப் பாருங்கள். எல்.இ.டி. வெளிர் ஊதாவாக மினுங்கும்.

ரேடியோ ரிமோட்டுக்கு நேர்ப்பார்வை வேண்டியதில்லை. பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். துணி, மரப்பலகை, காய்ந்த புதர் எல்லாவற்றையும் கடந்துவிடும். அட்டைப்பெட்டியில் 100 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது திறந்த வெளியில், இரு முனையும் உயரத்தில் இருக்கும்போது. இந்த அலைக்குத் தண்ணீர் பகை. மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், மழையில் நனைந்த இலைகளிலும் அதே கதை. குப்புறப் படுத்து ரிமோட்டை நெஞ்சுக்கடியில் வைத்து அமுக்கினால், நம் உடம்பே சிக்னலுக்குக் குறுக்கே கிடக்கிறது. தரையும் கெடுக்கும். தரையை உரசிப் போகும் அலையில் ஒரு பங்கு மண்ணில் பட்டுத் தலைகீழாகத் தெறித்து, நேரே வந்த பங்கை அழித்துவிடுகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கி அமுக்குங்கள். சிக்னலை வாங்கும் கருவியை நீளமான கம்பியில் இணைத்துக் கேமராவிலிருந்து ஓரடியாவது உயர்த்துங்கள். ஆறடிக்குள் முடிகிற வேலையென்றால் என் ஓட்டு பழைய கம்பி ரிமோட்டுக்குத்தான்.

செல்ஃபி குச்சியோடு வரும் புளூடூத் பட்டன் வேடிக்கையானது. அது கைபேசியிடம் தன்னை ஒரு விசைப்பலகை என்று அறிமுகம் செய்துகொள்கிறது. பெரும்பாலும் அது அனுப்புவது ‘ஒலியைக் கூட்டு’ என்ற ஒரே ஆணை. கேமரா செயலி திறந்திருந்தால் அதையே படமெடுக்கும் உத்தரவாகக் கொள்ளும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் பாட்டின் சத்தம் ஏறும்.

மனிதன் பக்கத்திலேயே இருக்க முடியாத இடங்களுக்கு வேறு யோசனை வேண்டும். 1888-ல் பிரான்ஸில் ஆர்தர் பாட்யூ காற்றாடியில் கேமராவைக் கட்டி அனுப்பியபோது, மெல்ல எரியும் திரி ஒன்று ஷட்டரை விடுவித்தது. 1906-ல் நிலநடுக்கத்தில் சிதைந்த சான் பிரான்சிஸ்கோவை ஜார்ஜ் லாரன்ஸ் சுமார் 600 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தார். வரிசையாகக் கட்டிய காற்றாடிகள் கேமராவைத் தூக்கின, கயிற்றோடு சென்ற கம்பி வழியே மின்சாரம் பாய்ந்து ஷட்டரைத் திறந்தது. 1920-களில் இந்தியக் காடுகளில் எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி வேலையைப் புலியிடமே விட்டுவிட்டார். தடத்தின் குறுக்கே கட்டிய கம்பியைப் புலி இடறினால் படம் விழும்.

இன்று முதுமலையில் புலிக் கணக்கெடுப்புக்கு வைக்கும் தானியங்கி கேமராக்களும் புலியையே பட்டனாக்குகின்றன. இங்கும் அகச்சிவப்புதான், ஆனால் வேறு அகச்சிவப்பு. உடம்பின் சூடு 10,000 நானோமீட்டர் அளவில் கதிர்வீசுகிறது. சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஒன்று நகர்வதை உணர்கருவி கவனிக்கிறது. கோடையில் பாறையும் மண்ணும் புலியின் உடல்சூட்டை எட்டும்போது வித்தியாசம் குறைந்து கருவி மந்தமாகிவிடும்.

ராக்கெட்டுக்கோ ஒலிதான் பட்டன். ஏவுதளத்தருகே முந்தைய நாளே கேமராக்களைப் பொருத்திவிட்டுப் போய்விடுவார்கள். 400 மீட்டரில் ஓசை வந்துசேர ஒரு நொடிக்குச் சற்று அதிகம் ஆகும். ஃபால்கன் 9 பற்றவைத்துச் சுமார் மூன்று நொடி கழித்தே கிளம்புவதால் இந்தத் தாமதம் பாதகமில்லை. 2018 மே மாதம் கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்கில் நாசா புகைப்படக்காரர் பில் இங்கால்ஸ் வைத்தவற்றில் ஒன்று உருகிப்போனது. ராக்கெட்டுக்கு மிக அருகே நின்றவை தப்பிவிட்டன. உருகியது மிகத் தொலைவில் இருந்தவற்றில் ஒன்று, அதைப் புல்வெளித் தீ பிடித்துக்கொண்டது. உருகிய உடலைப் பெயர்த்துப் பார்த்ததில் மெமரி கார்டு மட்டும் பிழைத்திருந்தது.

நம் ஊர்த் தோட்டத்தில் அத்தனை ஆபத்து இல்லை. இங்கே படம் விழாமல் போவதற்கு மூல காரணம் சில சமயம் சிக்னலே அல்ல. ஃபோகஸ் கிடைக்காவிட்டால் பல கேமராக்கள் ரிமோட்டின் பேச்சைக் கேட்காது. முன்கூட்டியே ஃபோகஸ் செய்து, லென்ஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். சில நிமிடம் சும்மா இருந்தால் ரிமோட் நிலையிலிருந்தே கேமரா வெளியேறிவிடும், அந்த நேரத்தையும் மெனுவில் நீட்டிவையுங்கள். கண்ணாடி உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் என்றால் இன்னொன்று: கண் வைக்காத வியூஃபைண்டர் வழியே வெளிச்சம் உள்ளே நுழைந்து ஒளி அளவையைக் குழப்பும். கேனான் கேமராவின் தோள்வாரில் கோத்திருக்கும் சின்ன ரப்பர் துண்டு அந்தத் துவாரத்தை மூடத்தான்.