உடைஞ்ச டைல்ஸ்ல ஒரு மொட்டை மாடி

இன்னைக்கு மொசைக் பத்திப் பேசப்போறோம்.

மொசைக்னு சொன்னா திருச்சியில பலருக்கும் பழைய வீட்டுத் தரைதான் ஞாபகம் வரும். சிமென்ட்ல சலவைக்கல் சில்லுகளைக் கலந்து கொட்டி, இறுகினதும் மெஷின் வச்சுத் தேய்ச்சு பாலிஷ் போடுவாங்க. உண்மையில அதுக்குப் பேர் டெரஸோ. மொசைக்னா ஒவ்வொரு துண்டையும் கையால எடுத்து, இடம் பார்த்துப் பதிக்கணும்.

அந்த மாதிரி மொசைக்கும் நம்ம ஊர்ல இருக்கு. சில மொட்டை மாடியில உடைஞ்ச வெள்ளை டைல்ஸ் பதிச்சிருப்பாங்களே, அதேதான். கட்டடத் தொழில்ல இதை சைனா மொசைக்னு சொல்வாங்க.

நல்ல டைல்ஸை ஏன் உடைக்கணும்? மொட்டை மாடி பார்க்கத்தான் தட்டை. மழைத் தண்ணி குழாய்ப் பக்கம் ஓடுறதுக்குக் கொத்தனார் வாட்டம் கொடுத்திருப்பார். ரெண்டு பக்க வாட்டம் சேர்ற இடத்துல பெரிய டைல் உட்காராது, ஒரு முனை தூக்கிக்கும். சில்லா உடைச்சா ஒவ்வொண்ணும் அந்தந்தச் சரிவுக்கு ஏத்த மாதிரி படுத்துக்கும். 3டி கேம்ல உருண்டையான ஒரு முகத்தை சின்னச் சின்ன முக்கோணங்களா பிரிச்சுக் காட்டுறாங்களே, அதே கணக்குதான்.

பார்சிலோனாவுல கௌடியோட பார்க் குவெல்ல இருக்கிற வளைஞ்சு நெளிஞ்ச பெஞ்ச் இப்படித்தான் செஞ்சது. அகமதாபாத்ல பி.வி. தோஷி தன்னோட சங்காத் அலுவலகத்தின் வளைவுக் கூரைகளுக்கும் உடைஞ்ச வெள்ளை டைல்ஸைத்தான் பதிச்சார். அங்க அது அழகுக்கு மட்டும் இல்ல, வெயிலுக்கும் சேர்த்து.

நமக்கும் வெயில்தானே பிரச்சினை? மே மாசம் மேல்மாடியில குடியிருக்கிறவங்களுக்குத் தெரியும், ராத்திரி 10 மணிக்கு ஃபேன் போட்டாலும் அனல் காத்துதான் வரும். பகல் முழுக்க கான்கிரீட் குடிச்ச சூட்டை ராத்திரி அறைக்குள்ள இறக்குது. வெள்ளை டைல்ஸ் வெயில்ல பெரும்பகுதியை மேலயே திருப்பி அனுப்பிடும். வெயில் தாங்காம துறையூர் வழியா பச்சைமலைக்கு வண்டி எடுக்கிறோம். ஞாயித்துக்கிழமை இறங்கி வந்தா அதே கூரைக்குக் கீழதான் படுக்கணும்.

ரெண்டு எச்சரிக்கை. கூரையில விரிசலோ ஒழுகலோ இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணுங்க. டைல்ஸ் அதை மறைக்கும், குணப்படுத்தாது. அப்புறம், தூசி படிஞ்சா பலன் குறையும். அப்பப்போ கழுவி விடணும்.

கத்துக்க ஆசைப்பட்டா ஒரு சிமென்ட் பூந்தொட்டியில ஆரம்பிங்க. டைல்ஸ் கடையில உடைசல் கேட்டு வாங்குங்க. சுவர் டைல்ஸ் சுலபமா உடையும். எல்லாம் ஒரே தடிமனா பார்த்து எடுங்க. சாக்குல சுத்தி, கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கிட்டு சுத்தியலால தட்டுங்க. டைல்ஸ் பசை தடவி, 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பதிங்க. மறுநாள் இடைவெளியில கிரவுட் நிரப்பி, ஈரப் பஞ்சால துடைச்சிடுங்க. அவ்வளவுதான்.

மொட்டை மாடிக்கு மட்டும் அனுபவமுள்ள கொத்தனாரைக் கூப்பிடுங்க. சில்லு சில்லா பதிக்க நாள் பிடிக்கும், கூலியும் கூடும். அதனால, "வெள்ளை பெயின்ட் அடிச்சா போதும் சார்"னு சொல்றவங்க உண்டு. பெயின்ட்டும் சூட்டைக் குறைக்கும். ஆனா சில வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்கணும். ரெண்டு செலவையும் 10 வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. வீடு கட்டுற நண்பர் யாராவது இருந்தா, மேல்தளம் முடியறதுக்குள்ள இந்த எபிசோடை அனுப்பி வைங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.