அழற்சியும் உணவுக்கால்வாய்ப் புற்றுநோயும்: மலையகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே வெற்றிலை போடுதல் நெடுநாட் பழக்கமாகும். குளிரிலும் மழையிலும் கொழுந்து பறிப்போர்க்கு அது பசியையும் சோர்வையும் மறக்கச் செய்யும் துணையாகின்றது. புகையிலை சேர்ந்த வெற்றிலைக்கும் வாய், களம் ஆகியவற்றின் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பை விளங்கிக்கொள்ள, அழற்சி என்னும் உடற்றொழிற்பாட்டினை நாம் முதலில் நோக்குதல் வேண்டும்.

அழற்சி அடிப்படையில் ஒரு பாதுகாப்பு முறையே. காயமுற்றவிடத்திற் குருதிக்கலன்கள் விரிகின்றன, வெண்குழியங்கள் திரண்டு கிருமிகளை அழிக்கின்றன, இழையம் புதுப்பிக்கப்படுகின்றது. பணி முடிந்ததும் அழற்சி தணிதல் இயல்பு. காயப்படுத்தும் காரணி நாள்தோறும் நீடிப்பின் அது தணிவதில்லை. வெண்குழியங்கள் வெளியிடும் தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் மூலக்கூறுகள் கலங்களின் டீ.என்.ஏ.யைப் பழுதாக்குகின்றன. என்.எவ். கப்பா பீ என்னும் புரதமோ, இறக்கவேண்டிய அப்பழுதுற்ற கலங்களை வாழவைத்துப் பெருகச் செய்கின்றது. மேலும், நாட்பட்ட அழற்சியின்போது திரளும் ஒடுக்கற் கலங்கள், புற்றுக்கலங்களை அழிக்கவல்ல ரீ நிணநீர்க்குழியங்களையும் முடக்கிவிடுகின்றன. இவ்வாறு காவலே பகைக்குத் துணைபோகின்றது. நாட்பட்ட அழற்சியுள்ள இடங்களிற் புற்றுநோய் தோன்றுகின்றதென ஜேர்மானிய அறிஞர் றுடோல்ப் விர்ச்சோ 1863இலேயே கருதினார்.

வெற்றிலைக் கூட்டில் இது தெளிவாகின்றது. சுண்ணாம்பும் பாக்குத் துகளும் வாயின் மென்றோலை ஓயாது உறுத்துகின்றன. பாக்கிலுள்ள அரிக்கொலீன் நார்ப்பொருளைப் பெருக்குவதால் வாயைத் திறத்தலே அரிதாகும் நிலை உண்டாகின்றது; அது புற்றுநோய்க்கு முன்னோடியாகும். புகையிலையின் நைத்திரோசமைன்கள் உடலில் மாற்றமடைந்து டீ.என்.ஏ.யைத் தாக்குகின்றன. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க் காரணியே என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 2004இல் வெளியிட்டது. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமுடைய பானங்கள் களத்திற் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என அந்நிலையம் 2016இற் கூறியது. இங்கு குற்றம் தேயிலையினதன்று, வெப்பத்தினது என்பது கவனிக்கற்பாலது.

இத்தீயை அணைத்தல் இயலும். வெண்படலம், செம்படலம் முதலிய ஆரம்ப மாற்றங்களை வாயினுள் வெறுங்கண்ணாலேயே காணலாம். ஆயின், பரிசோதனைக்குச் செல்லும் நாளிற் கூலியை இழக்கும் தொழிலாளிக்கு அறிவுரை மட்டும் போதுமா? 1848இல் மேற் சிலேசியாவின் கொள்ளைநோயை ஆராய்ந்த அதே விர்ச்சோ, கல்வியையும் சனநாயகத்தையும் வாழ்க்கை மேம்பாட்டையுமே மருந்தாக விதந்துரைத்தார். வாய்ப் பரிசோதனை கொழுந்து நிறுக்கும் இடத்திற்கே வருதலும், அதற்கான நேரம் வேலைநேரமாகக் கணிக்கப்படுதலும் அம்மருந்தின் முதற்றுளிகள் எனலாம்.